டாஷ்போர்டு காட்டும் மைலேஜை எவ்வளவு நம்பலாம்? கேள்வி பதில்

வாகனங்களின் எரிபொருள் அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். டாஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண்ணைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கார் என்று எழுதியிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை இன்ஜெக்டர் (எஞ்சினுக்கு எரிபொருளைப் பீய்ச்சும் சின்ன வால்வு) வைத்த பைக்குக்கும் பொருந்தும்.

கேள்வி: சார், என் பெட்ரோல் கார் லிட்டருக்கு 18.6 கி.மீ. என்று காட்டுகிறது. டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் 17.1தான் வருகிறது. எதை நம்புவது?

17.1-ஐ. ஒரே ஒரு டேங்க்கை வைத்துப் போட்ட கணக்கு என்றால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பங்க்கில் இருக்கும் மீட்டர் எரிபொருளை அளக்கிறது. டாஷ்போர்டு அளப்பதில்லை, கணக்குப் போடுகிறது. சாதாரண கார்களில் குழாய் வழியே ஓடும் எரிபொருளை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி விநாடி திறந்திருந்தது என்பது எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். திறக்கச் சொல்வதே அதுதானே. இந்த அழுத்தத்தில் இந்த இன்ஜெக்டர் நிமிடத்துக்கு இவ்வளவு பாய்ச்சும் என்ற எண்ணும் அதன் நினைவில் ஏற்றப்பட்டிருக்கிறது. இரண்டையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் செலவான எரிபொருள் கிடைக்கும். சக்கர சென்சார் தரும் தூரத்தை அதனால் வகுத்தால் நீங்கள் பார்க்கும் 18.6 வரும்.

இந்தக் கணக்கில் தவறு நுழைய நிறைய வாசல்கள் இருக்கின்றன. நினைவில் ஏற்றியிருப்பது அந்த மாடலுக்கான பொது எண். உங்கள் காரில் பொருத்தியிருக்கும் இன்ஜெக்டர்கள் அதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ பாய்ச்சலாம். திறக்கச் சொன்ன நொடியிலேயே இன்ஜெக்டர் திறந்துவிடுவதும் இல்லை. திறக்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி தாமதம் ஆகும், அந்தத் தாமதமும் பேட்டரி வோல்டேஜைப் பொறுத்து மாறும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லி விநாடிதான் திறக்கிறது என்னும்போது இந்தச் சின்னத் தாமதத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

உங்களுடையது கிட்டத்தட்ட 9% வித்தியாசம். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வழக்கத்தில் இல்லாதது அல்ல. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். 17.1-ஐ 18.6-ஆல் வகுத்தால் 0.92 வருகிறது. இனி டாஷ்போர்டு எண் எது காட்டினாலும் அதை 0.92-ஆல் பெருக்கிப் படியுங்கள். இன்னும் சில டேங்க் ஓட்டியபின் அந்தப் பெருக்கெண்ணைத் திருத்திக்கொள்ளலாம். டாஷ்போர்டு எண் தவறாக இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. எப்போதும் ஒரே விகிதத்தில் தவறாக இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அப்படி இருந்தால் அது நல்ல கருவிதான்.

கேள்வி: டேங்க்குக்குள் மிதவை இருக்கிறதே, அதை வைத்து மைலேஜ் பார்ப்பதில்லையா?

இல்லை. மிதவை எரிபொருள் முள்ளுக்கும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்ற கணக்குக்கும்தான். திருப்பத்திலும் ஏற்றத்திலும் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கும், டேங்க்கின் வடிவமும் கோணல்மாணலாக இருக்கும். அதை வைத்து லிட்டருக்கு ஒரு தசமம் வரை மைலேஜ் சொல்லவே முடியாது.

கேள்வி: டேங்க் நிரப்பிப் பார்க்கும் முறையைச் சரியாகச் செய்வது எப்படி? ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.

டேங்க்கை நிரப்புங்கள். நாசில் முதல்முறை தானாக ‘டக்’ என்று நிற்கும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். டாஷ்போர்டின் சராசரியையும் அதே இடத்தில் ரீசெட் செய்யுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு வழக்கம்போல ஓட்டி, டேங்க் கால்பங்குக்கு வந்தபின் அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், வண்டியை அதே திசையில் நிறுத்தி மறுபடி முதல் ‘டக்’ வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

முதல் ‘டக்’குக்குப் பிறகு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கழுத்துவரை நிரப்புவதுதான் இந்தக் கணக்கைக் கெடுப்பதில் முதலிடம். ஒவ்வொரு முறையும் அது ஒரே அளவில் நிற்காது. தவிர, பெட்ரோல் வண்டிகளில் டேங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் திரவப் பெட்ரோல் புகுந்தால் அது கெட்டுப்போகும். மைலேஜ் கணக்குக்காக அதைப் பழுதாக்க வேண்டாம்.

நிறையப் பேர் கவனிக்காத விஷயம், கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பது. நாசில் நிற்கும் இடம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு லிட்டர் முன்னே பின்னே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 லிட்டர் நிரப்பியிருந்தால் அது 2.5% தவறு. 10 லிட்டர்தான் நிரப்பினீர்கள் என்றால் 10% தவறு. டாஷ்போர்டின் தவறைக் கண்டுபிடிக்கப் போய் அதைவிடப் பெரிய தவறைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம்.

கேள்வி: ஒரு டேங்க்கில் 15.2 வந்தது, அடுத்த டேங்க்கில் 17.3. டாஷ்போர்டு இரண்டு முறையும் 16.9 காட்டியது. ஓட்டிய வழி ஒன்றுதான். என் காரில் ஏதாவது பழுதா? முதல் டேங்க் 487 கி.மீ., 32 லிட்டர். இரண்டாவது 484 கி.மீ., 28 லிட்டர்.

பழுது இல்லை. எண்களை முழுதாகக் கொடுத்ததற்கு நன்றி, அதனால்தான் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

முதல் டேங்க் ஓட்டி முடித்து 32 லிட்டர் நிரப்பியபோது கூடுதலாக இரண்டு லிட்டர் ஏறியிருக்கிறது. நாசில் தாமதமாக நின்றிருக்கலாம், வண்டி சாய்வாக நின்றிருக்கலாம். அந்த இரண்டு லிட்டரை நீங்கள் முதல் டேங்க்கின் செலவில் எழுதிவிட்டீர்கள். உண்மையில் அது அடுத்த டேங்க்குக்கு முன்பணமாகப் போயிருக்கிறது. அதனால் முதல் கணக்கு குறைவாகவும் இரண்டாவது கணக்கு அதிகமாகவும் வந்திருக்கிறது. ஒரு டேங்க்கில் மைலேஜ் சரிந்து அடுத்ததில் திடீரென எகிறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 971 கி.மீ., 60 லிட்டர், லிட்டருக்கு 16.2. டாஷ்போர்டின் 16.9-ஐவிட 4% குறைவு. உங்கள் காருடைய டாஷ்போர்டு நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு முறையும் அது ஒரே எண்ணைக் காட்டியதே அதற்குச் சாட்சி.

கேள்வி: அப்படியென்றால் ஒவ்வொரு டேங்க்கின் மைலேஜையும் கூட்டி, டேங்க் எண்ணிக்கையால் வகுத்தால் போதுமா?

கூடாது. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால்தான் வகுக்க வேண்டும்.

100 கி.மீ. நெரிசலில் ஓட்டியபோது லிட்டருக்கு 10, அடுத்த 100 கி.மீ. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சராசரி 15 என்று தோன்றும். ஆனால் முதல் பாதிக்கு 10 லிட்டர், இரண்டாம் பாதிக்கு 5 லிட்டர், ஆக 200 கி.மீ.க்கு 15 லிட்டர். லிட்டருக்கு 13.3தான். மோசமான மைலேஜில் ஓட்டிய தூரம் எரிபொருளை அதிகம் தின்பதால் அதன் எடை கூடுதல். சிலருக்கு டாஷ்போர்டு ‘பொய்’ சொல்வதாகத் தோன்றுவதற்குக் காரணமே இந்தச் சராசரிதான். அங்கே டாஷ்போர்டு சரியாக வகுத்திருக்கும், நாம்தான் தவறாகக் கூட்டியிருப்போம்.

கேள்வி: என் காரில் 100 கிலோமீட்டருக்கு 5.4 லிட்டர் என்று காட்டுகிறது. எப்படி மாற்றுவது?

100-ஐ 5.4-ஆல் வகுங்கள். லிட்டருக்கு 18.5 கி.மீ. பெரும்பாலான கார்களில் மெனுவிலேயே அலகை மாற்றிக்கொள்ளலாம். மைல் கணக்கு என்றால் எந்த கேலன் என்று பாருங்கள். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரே கார் 20% கூடுதல் மைலேஜ் தருவதுபோல் தெரியும்.

கேள்வி: அண்ணா, 185/65 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 195/65 ஆர்15 போட்டேன். மைலேஜ் குறைந்துவிட்டது. அகலமான டயர் என்பதாலா?

தம்பி, கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் நீங்கள் பார்க்கும் குறைவில் ஒரு பகுதி உண்மையான குறைவே இல்லை. பழைய டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ., புதியது சுமார் 634 மி.மீ. 2% பெரியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2% கூடுதலாக நகர்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் பழைய சுற்றளவையே நினைத்துக்கொண்டிருக்கிறது. 102 கி.மீ. போனால் 100 என்று எழுதுகிறது. மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும், அதை நம்பிப் போடும் டேங்க் கணக்கும் குறையும்.

பெரிய டயரை விடுங்கள், அதே டயர் தேய்ந்தாலே தூரக் கணக்கு மாறும். புதிய டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ., முழுதாகத் தேயும்போது 1.6 மி.மீ. ஆரம் ஆறு மில்லிமீட்டர் குறைகிறது. ஏறத்தாழ 2% வரை ஓடோமீட்டர் கூட்டிக் காட்டும். தேய்ந்த டயரில் நல்ல மைலேஜ், புது டயர் போட்டதும் மைலேஜ் போச்சு என்று பலர் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. தேய்ந்த டயர் உருளும்போது எதிர்ப்பும் குறைவு, அது இன்னொரு பங்கு.

சோதிப்பது எளிது. ஜி.பி.எஸ். செயலியில் பாதையைப் பதிவுசெய்துகொண்டு, வளைவு குறைந்த திறந்த நெடுஞ்சாலையில் 50, 100 கி.மீ. ஓட்டுங்கள். அதன் தூரத்தை டிரிப் மீட்டர் தூரத்தால் வகுத்தால் தூரத்துக்கான திருத்தம் கிடைக்கும். சுரங்கப்பாதையும் உயர்ந்த கட்டடங்களும் உள்ள இடங்களில் ஜி.பி.எஸ்.ஸும் தடுமாறும், அங்கே வேண்டாம்.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் எப்போதும் கூட்டிக் காட்டுகிறது. அப்படியானால் ஓடோமீட்டரும் அதே அளவு கூட்டி, மைலேஜையும் ஊதிப் பெருக்குகிறதா?

இது பரவலான எண்ணம், ஆனால் சரியல்ல. ஸ்பீடோமீட்டர் வேண்டுமென்றேதான் கூட்டிக் காட்டுகிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி எண் 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. வரை. அதனால் தயாரிப்பாளர்கள் பாதுகாப்பாக மேல்பக்கம் தள்ளி வைக்கிறார்கள். அந்தக் கூட்டல் வேகத்தைக் காட்டும் இடத்தில் சேர்க்கப்படுவது. தூரம் சக்கரச் சுற்றிலிருந்து தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஸ்பீடோ 5% கூட்டிக் காட்டும் காரிலும் ஓடோமீட்டர் ஜி.பி.எஸ்.ஸோடு ஒட்டிப் போவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன்.

கேள்வி: தவறு என்றால் பாதி கார்களில் கூடவும் பாதி கார்களில் குறையவும் அல்லவா காட்ட வேண்டும்? ஏன் பெரும்பாலும் கூட்டியே காட்டுகின்றன? நம்மை ஏமாற்றவா?

நியாயமான கேள்வி. குறைத்துக் காட்டும் கார்களும் என்னிடம் வருகின்றன, ஆனால் கூட்டிக் காட்டுபவைதான் அதிகம். யாருடைய மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன். காட்டும் எண்ணை மேலேயோ கீழேயோ நகர்த்தும் வசதி பல கார்களின் மென்பொருளிலேயே இருக்கிறது. ஆகவே கார் தொழிற்சாலையை விட்டு வரும்போதே எண்ணைச் சரியாக வைத்து அனுப்ப முடியும். முடிவது தெரிந்தும் 8, 10% கூட்டிக் காட்ட விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணைப் பார்த்து மாதச் செலவைக் கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2018-இல் கொண்டுவந்த விதியின்படி, 2021 ஜனவரி 1 முதல் அங்கே பதிவாகும் புதிய பெட்ரோல், டீசல், பிளக்-இன் ஹைப்ரிட் (எஞ்சினோடு, சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள) கார்கள் தம் வாழ்நாள் முழுக்கச் செலவழித்த எரிபொருளையும் ஓடிய தூரத்தையும் தாமே பதிந்துவைக்க வேண்டும். அந்தக் கணக்கு 5%-க்கு மேல் பிசகக் கூடாது. ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட் வழியாக அதைப் படிக்கலாம். விதி பேசுவது உள்ளே பதியும் கணக்கைப் பற்றி, டாஷ்போர்டில் நம் கண்ணுக்குத் தெரியும் எண்ணைப் பற்றி அல்ல. என்றாலும் உள்ளே சரியாகக் கணக்கிட முடிகிற கார், வெளியே தவறாகக் காட்டுவதற்கு இனி சாக்கு இல்லை.

கேள்வி: அந்த ஐரோப்பியக் கணக்கில் என்ன தெரிய வந்தது?

2021-இல் பதிவான கார்களின் தகவலை 2024-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வகச் சோதனை எண்ணைவிடச் சராசரியாக 20% அளவுக்குக் கூடுதலாக எரிபொருள் குடித்தன. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சராசரியாக மூன்றரை மடங்கு. சார்ஜ் போட்டு ஓட்ட வேண்டிய வண்டியைச் சார்ஜ் போடாமல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும்.

இதில் ஒரு குழப்பம் வேண்டாம். நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் எண், டாஷ்போர்டு காட்டும் எண், பங்க்கில் நீங்கள் கணக்கிடும் எண் மூன்றும் வேறு வேறு. விளம்பர எண் கிடைக்கவில்லை என்பதற்காக டாஷ்போர்டைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: ‘இன்னும் 90 கி.மீ. போகலாம்’ என்று காட்டியது. 15 கி.மீ. போவதற்குள் 40 ஆகிவிட்டது. இது என்ன கணக்கு?

டேங்க்கில் மிச்சமிருப்பதாக மிதவை சொல்லும் லிட்டரை, சமீபத்தில் நீங்கள் எடுத்த மைலேஜால் பெருக்கிச் சொல்கிறது. நெடுஞ்சாலையில் நிதானமாக வந்தபோது 90 என்றது. ஊருக்குள் நுழைந்து நெரிசலில் நின்றதும் சமீபத்திய மைலேஜ் சரிந்து மிச்சத் தூரமும் சரிந்தது. டேங்க் காலியாக ஆக மிதவையின் துல்லியமும் குறையும்.

பூஜ்ஜியம் காட்டியபின்னும் கொஞ்சம் எரிபொருள் பெரும்பாலும் மிச்சம் இருக்கும். எவ்வளவு என்று ஓட்டிப் பார்க்காதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் சூடாகாமல் காப்பது அதைச் சுற்றியிருக்கும் எரிபொருள்தான். டீசல் வண்டியில் உயர் அழுத்தப் பம்ப்புக்கு மசகும் டீசல்தான். காலியாக ஓட்டினால் செலவு பெரிது.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் உடனடி மைலேஜ் 60, 70 காட்டுகிறது. கியரில் விட்டால் 99.9 காட்டுகிறது. எது உண்மை?

இரண்டும் தத்தம் அளவில் உண்மை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால், எஞ்சின் சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை கம்ப்யூட்டர் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. செலவு பூஜ்ஜியம், எனவே மைலேஜ் எல்லையற்றது. அதைக் காட்ட முடியாமல் 99.9-இல் நிற்கிறது. நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள எரிபொருள் வேண்டும்.

ஆகவே நீண்ட இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. எஞ்சினின் பிடி போய்விடும், முழுச் சுமையும் பிரேக்கில் விழும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நின்றபடி எஞ்சின் ஓடினால் தூரம் பூஜ்ஜியம், மைலேஜும் பூஜ்ஜியம். சிறிய பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஏ.சி. ஓடினால் இன்னும் கொஞ்சம்.

கேள்வி: ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டும் சின்னக் கருவியும் போன் செயலியும் வாங்கினேன். அது காட்டும் மைலேஜ் டாஷ்போர்டோடும் ஒட்டவில்லை, டேங்க் கணக்கோடும் ஒட்டவில்லை. டீசல் கார்.

டீசல் என்பதில்தான் விடை இருக்கிறது. இப்படிப்பட்ட பல செயலிகள் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையைப் படித்து, அதிலிருந்து எரிபொருளை ஊகிக்கின்றன. பெட்ரோல் எஞ்சினில் இது ஓரளவு எடுபடும். அங்கே பெரும்பாலான நேரம் 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்ற விகிதம் காக்கப்படுகிறது. டீசல் எஞ்சினில் அப்படி நிலையான விகிதம் கிடையாது. தேவைக்கு மிக அதிகமான காற்று எப்போதும் உள்ளே போய்க்கொண்டிருக்கும், சக்தியைக் கூட்டிக் குறைப்பது டீசலின் அளவுதான். காற்றைப் பார்த்து டீசலைச் சொல்வது நடக்காத காரியம். எஞ்சினே கணக்கிட்ட எரிபொருள் அளவை உங்கள் கார் வெளியே கொடுக்கிறதா என்று செயலியின் அமைப்பில் தேடுங்கள். கொடுத்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் டாஷ்போர்டு குழம்புமா? வெயில் காலத்தில் பெட்ரோல் விரிவதும் கணக்கைக் கெடுக்குமா?

எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10% கலந்தால் மைலேஜ் சுமார் 3%, 20% கலந்தால் 6, 7% குறைவதை எதிர்பார்க்கலாம். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையில் காற்று மிஞ்சுவதைக் கண்டு இன்ஜெக்டரை அதிக நேரம் திறக்கச் சொல்லும். டாஷ்போர்டு அந்த நேரத்தைத்தான் எண்ணுகிறது என்பதால் இந்தக் குறைவு அதிலும் தெரியும்.

வெப்பம் சின்ன விஷயம். 10 டிகிரி கூடினால் பெட்ரோல் ஏறத்தாழ 1% விரியும். சில நாடுகளில் பம்ப்பே 15 டிகிரிக்குத் திருத்தி அளக்கும். ஒரே காலநிலையில் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டால் இதை மறந்துவிடலாம்.

கேள்வி: மின்சாரக் காரில் இந்தத் தொல்லை இல்லைதானே?

வேறு வடிவில் இருக்கிறது. டாஷ்போர்டு 100 கி.மீ.க்கு 15 யூனிட் என்று காட்டினால், அது பேட்டரியிலிருந்து வெளியே போன மின்சாரம். மின்சாரத்தை மிகத் துல்லியமாக அளக்க முடியும் என்பதால் அந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் சார்ஜ் ஏற்றும்போது சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகப் போவது அதில் சேராது. சாதாரண ஏ.சி. சார்ஜிங்கில் சுமார் 10 முதல் 15% வரை இப்படிப் போகலாம், குளிரிலும் குறைந்த சக்தியில் நீண்ட நேரம் ஏற்றும்போதும் கூடலாம். நிறுத்தி வைத்திருக்கும்போது கார் எடுத்துக்கொள்வதும் பயணக் கணக்கில் பெரும்பாலும் வராது. செலவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சுவரில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள், ஓட்டும் விதத்தைச் சரிசெய்ய டாஷ்போர்டைப் பாருங்கள்.

கேள்வி: டாஷ்போர்டு எண்ணையே திருத்தி வைக்க முடியுமா?

சில கார்களில் முடியும். பழைய ஃபோக்ஸ்வாகன் குழும கார்கள் பலவற்றில் ஸ்கேனர் மூலம் 85 முதல் 115% வரை, ஐந்து ஐந்தாக நகர்த்தலாம். பழைய பி.எம்.டபிள்யூ. கார்கள் சிலவற்றில் மீட்டருக்குள் ஒளிந்திருக்கும் மெனுவில் 1000 என்ற அடிப்படை எண்ணைக் கூட்டிக் குறைக்கலாம். இது திரையில் தெரியும் எண்ணை மட்டுமே மாற்றும், எஞ்சின் குடிப்பதை அல்ல. குறைந்தது ஐந்து முழு டேங்க் கணக்காவது கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக டாஷ்போர்டு எண்ணும் டேங்க் கணக்கும் 3% வித்தியாசத்தில் ஒத்துப்போயின. கடந்த மூன்று டேங்க்கில் வித்தியாசம் 12% ஆகிவிட்டது. டாஷ்போர்டு எண் மாறவில்லை, டேங்க் கணக்குதான் சரிந்திருக்கிறது.

இந்தக் கேள்விக்கு உடனே கவனம் கொடுங்கள். ஒரே விகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது விலகுகிறது என்றால், கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் எரிபொருள் எங்கோ போகிறது.

முதல் சந்தேகம் கசிவு. குழாய் இணைப்பிலோ டேங்க்கிலோ ஒழுகினால் அது இன்ஜெக்டரைத் தாண்டி வருவதில்லை, டாஷ்போர்டுக்கும் தெரியாது. இரவு நிறுத்திய இடத்தில் ஈரமோ வாசனையோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம், தீப்பிடிக்கும் அபாயம்.

இரண்டாவது, மூடியபின்னும் சொட்டும் இன்ஜெக்டர். கம்ப்யூட்டர் மூடச் சொல்லிவிட்டது, அதன் கணக்கில் அத்தோடு முடிந்தது. ஆனால் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், எஞ்சின் ஆயிலில் எரிபொருள் கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை எடுத்து மட்டத்தையும் வாசனையையும் பாருங்கள். ஸ்கேனரில், எரிபொருள் திருத்தம் என்ற எண் வழக்கத்தைவிட மைனஸில் நின்றால் சந்தேகம் உறுதியாகும். எரிபொருள் மிஞ்சுவதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் திறப்பு நேரத்தைக் குறைக்கிறது என்பது அதன் பொருள். நேரம் குறைவதால் டாஷ்போர்டு மைலேஜ் நன்றாக இருப்பதாகவே காட்டும், டேங்க் மட்டும் சீக்கிரம் காலியாகும். நீங்கள் சொல்வது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் இதற்கு நேர்மாறு நடக்கும். போதாத எரிபொருளைச் சரிக்கட்ட அதிக நேரம் திறக்கும், டாஷ்போர்டு உண்மையைவிட மோசமான மைலேஜ் காட்டத் தொடங்கும்.

எதற்கும் முன், இந்த மூன்று டேங்க்கிலும் பங்க் மாறியதா, டயர் மாறியதா என்று ஒருமுறை யோசியுங்கள். மாறவில்லை என்றால் இந்த வாரமே எரிபொருள் அழுத்தமும் இன்ஜெக்டர் கசிவும் சோதிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கணக்கு எழுதி வைத்ததால்தான் எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தது.

கேள்வி: பழைய கார் வாங்கப் பார்க்கிறேன். விற்பவர் டாஷ்போர்டில் 21 காட்டுகிறது பாருங்கள் என்கிறார். நம்பலாமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரீசெட் செய்துவிட்டு, சூடான எஞ்சினோடு சீரான சாலையில் இருபது கி.மீ. நிதானமாக ஓட்டினால் எந்தக் காரும் அழகான எண் காட்டும். அதே மெனுவில் அந்தச் சராசரி எத்தனை கிலோமீட்டருக்கானது என்றும், சராசரி வேகம் என்ன என்றும் பாருங்கள். சராசரி வேகம் 60-க்கு மேல் இருந்தால் அது நெடுஞ்சாலை ஓட்டம். நீங்கள் ஊருக்குள் ஓட்டினால் சராசரி வேகம் 20, 25-ஐத் தாண்டாது, அந்த மைலேஜும் உங்களுக்குக் கிடைக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கான சராசரி இருந்து, வேகமும் உங்கள் ஓட்டத்துக்கு நெருக்கமாக இருந்தால், அதில் 5 முதல் 10% கழித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.